‘குடும்பத்தில் யாருக்காவது உண்டா?’ இந்தக் கேள்விக்கு நாம் தப்பாகச் சொல்லும் பதில்கள்

போன வருடம் மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்குப் போனபோது ஒரு படிவம் நீட்டினார்கள். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், புற்றுநோய் உண்டா என்று நான்கு கட்டம். நான்கிலும் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டு, ரத்தம் கொடுத்துவிட்டு, இட்லி சாப்பிடப் போய்விட்டேன். மூன்று மாதம் கழித்துப் பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியம். பந்தி முடிந்து பெரியவர்கள் வெற்றிலை போட்டபடி பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டபோதுதான் தெரிந்தது: தாத்தா ‘திடீர்னு போனது’ 49 வயதில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. அவர் தம்பிக்குக் கால் விரலில் வந்த புண் ஆறாமல் கடைசியில் முழங்கால் வரை எடுத்தார்கள். பெரியப்பாவே பத்து வருடமாக இன்சுலினில் ஓடிக்கொண்டிருந்தவர். நான் போட்ட டிக்கில் இரண்டு அங்கேயே பொய்யாகிவிட்டது.

‘தெரியாது’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘இல்லை’ என்று எழுதுவது, நம்மில் பாதிப் பேர் செய்கிற தப்பு. நம் தாத்தா பாட்டிகளில் எத்தனை பேர் வாழ்நாளில் ஒரு தடவையாவது சர்க்கரை டெஸ்ட் எடுத்திருப்பார்கள்? 2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இன்டியாப் என்ற சர்க்கரை நோய் ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதன் வாசலில். தெருவுக்கு ஒரு லேப் இருக்கிற இந்தக் காலத்திலேயே பலருக்கு வேறு எதற்கோ டெஸ்ட் எடுக்கும்போது தற்செயலாகத்தான் தெரியவருகிறது என்றால், 1970களில் கிராமத்தில் இருந்தவருக்கு யார் பார்த்தது? அதனால் “தாத்தாவுக்குச் சுகர் இருந்துச்சா?” என்று கேட்டுப் பயனில்லை. “எப்படிப் போனாரு, எந்த வயசுல, அதுக்கு முன்னாடி என்ன தொந்தரவு இருந்துச்சு?” என்று கேளுங்கள். பதில் ஊர் பாஷையில் வரும். ‘ஒரு பக்கம் கை கால் விழுந்துடுச்சு’ என்றால் பக்கவாதம், பின்னால் பிரஷர் இருந்திருக்கலாம். ‘புண்ணு ஆறவே இல்ல’ என்றால் சர்க்கரையைச் சந்தேகப்படலாம். ‘வயித்துல கட்டி’ என்பதுதான் சிக்கல், அது கர்ப்பப்பையா, சினைப்பையா, குடலா என்று இன்னும் இரண்டு பேரிடம் கேட்டால்தான் தெரியும்.

வயதைக் கேட்காமல் விடுவது அடுத்தது. 78 வயதில் வந்த மாரடைப்பும் 48 வயதில் வந்த மாரடைப்பும் டாக்டருக்கு ஒன்றில்லை. அப்பா, அண்ணன், தம்பிக்கு 55 வயதுக்கு முன்பாகவோ அம்மா, அக்கா, தங்கைக்கு 65க்கு முன்பாகவோ இதய நோய் வந்திருந்தால் அதை ‘சீக்கிரமே வந்தது’ என்ற கணக்கில் வைப்பார்கள், உங்கள் ஆபத்து கூடுகிறது. இதற்குப் பின்னால் சில குடும்பங்களில் பிறவியிலேயே கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றிவிடும் ஒரு மரபணுக் கோளாறு இருக்கும். உலக அளவில் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. எண்ணெய் பலகாரமே தொடாத ஒல்லி ஆசாமிக்கும் எல்டிஎல் என்கிற அந்தக் கெட்ட கொலஸ்ட்ரால் 190ஐத் தாண்டி நிற்கும். மாத்திரையால் நன்றாகக் கட்டுப்படுத்தக் கூடிய ஒன்று, ஆனால் யாராவது டெஸ்ட் எடுத்துப் பார்த்தால்தானே?

அப்புறம் நம் உறவுமுறைப் பெயர்கள். இதில் டாக்டர்களே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். “மாமாவுக்கு ஹார்ட் அட்டாக்” என்கிறோம். எந்த மாமா? அம்மாவின் தம்பி என்றால் உங்கள் மரபணுவில் சுமார் கால் பங்கு அவரோடு பொது. அத்தையின் வீட்டுக்காரரும் மாமாதான், மாமனாரும் மாமாதான், அவர்களோடு பொதுவாக ஒன்றும் இல்லை. அத்தையும் அப்படியே: அப்பாவின் தங்கை ரத்த சொந்தம், மாமாவின் மனைவி வந்து சேர்ந்தவர். சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பியா, சித்தியின் கணவரா? இதற்கு மேல் அக்காவைத் தாய்மாமனுக்கே கொடுத்திருந்தால், அக்கா வீட்டுக்காரர் என்று நாம் ஒதுக்கிவிடும் அந்த ஆள் ரத்த சொந்தம்தான். அதனால் டாக்டரிடம் முறை சொல்லாதீர்கள், ‘அம்மாவின் உடன்பிறந்த தம்பி’ என்று வழி சொல்லுங்கள்.

இதே குழப்பத்தின் இன்னொரு முகம், பெண்களுக்கு வரும் நோயென்றால் அம்மா வழியை மட்டும் பார்ப்பது. அப்பாவின் அக்காவுக்கு 40 வயதில் மார்பகப் புற்றுநோய், அப்பாவைப் பெற்ற பாட்டிக்குச் சினைப்பையில் புற்றுநோய் என்று இருந்தும், “எங்க அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே” என்று சொல்லும் பெண்கள் நிறைய. இந்தப் புற்றுநோய்களுக்கு வழிவிடும் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்களின் கோளாறு அப்பா வழியாகவும் சம வாய்ப்போடு வரும், அப்பாவுக்கு ஒரு அறிகுறியும் இல்லாவிட்டாலும் வரும். ஆண்பிள்ளைகளே நிறைந்த குடும்பத்தில் இது இரண்டு தலைமுறை சத்தமில்லாமல் ஒளிந்திருக்கவும் கூடும். அதற்காக எல்லாரும் பதறவும் வேண்டாம், மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது 5 முதல் 10 சதவீதம்தான். இதைத் திருப்பிப் போட்டால், குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று மார்பில் தட்டுப்பட்ட கட்டியைக் காட்டாமல் இருப்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பதும் புரியும்.

சரி, சொந்தத்தில் கல்யாணம். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றின்படி (2019-21) தமிழ்நாட்டில் கால்வாசிக்கும் மேற்பட்ட கல்யாணங்கள் சொந்தத்தில் நடந்தவை. இதைப் பற்றி இரண்டு மாதிரி தப்பாகப் பேசுகிறோம். ஒரு கூட்டம் சொந்தத்தில் கட்டினாலே குழந்தை குறையோடுதான் பிறக்கும் என்று பயமுறுத்துகிறது. அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் பிறவிக் குறைபாட்டு ஆபத்து பொது மக்களுக்கு இருப்பதை விட நூறு குழந்தைக்குச் சுமார் 2 முதல் 3 குழந்தை கூடுதல், தாய்மாமனைக் கட்டினால் அதைவிட அதிகம். பெரும்பான்மைக் குழந்தைகள் நன்றாகத்தான் பிறக்கின்றன. இன்னொரு கூட்டம் “எங்க வம்சத்துல அப்படி யாருக்குமே இல்ல, பயமே இல்ல” என்கிறது. இதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. தலசீமியா, சிக்கில் செல் மாதிரி பரம்பரை ரத்த நோய்களில், கோளாறான மரபணு ஒன்று மட்டும் இருப்பவர் கல்லுக் குண்டு மாதிரி இருப்பார், நோய் வெளியே தெரியாது. அப்படிப்பட்ட இரண்டு பேர் கட்டிக்கொள்ளும்போதுதான் குழந்தைக்கு இரண்டும் சேர்ந்து வந்துவிடுகிறது. ஒரே தாத்தா பாட்டி வழியாக இருவருக்கும் அது இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம் என்பதால்தான் சொந்தத்தில் ஆபத்து கூடுகிறது. சொந்தம் இல்லாமலே ஒரு சிறு சமூகத்துக்குள் திரும்பத் திரும்பக் கல்யாணம் செய்தாலும் இதே கதைதான். நீலகிரிப் பழங்குடியினரிடம் சிக்கில் செல் இருப்பது 1952லேயே கண்டறியப்பட்டது, ஒன்றிய அரசு அதை ஒழிக்கத் தனி இயக்கம் தொடங்கியதோ 2023இல்.

இதிலேயே இன்னொரு கணக்குப் பிழையும் உண்டு. கணவன் மனைவி இருவருமே கேரியர், அதாவது கோளாறான மரபணு ஒன்றைச் சுமப்பவர்கள் என்றால், குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு என்று டாக்டர் சொல்வார். உடனே “மூத்தவனுக்கு வந்தாச்சு, இனி மூணு பிள்ளைக்கு வராது” என்று வீட்டில் யாராவது ஆறுதல் சொல்வார்கள். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் தாயக்கட்டை புதிதாக உருள்கிறது, போன ஆட்டத்தில் என்ன விழுந்தது என்று அதற்கு ஞாபகம் இருக்காது. இரண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் நோய் என்று தெரிந்த பிறகும் மருமகளை மட்டும் குறை சொல்வதைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் இது வேறு கட்டுரையாகிவிடும்.

“அப்பாவுக்குச் சுகர், அம்மாவுக்குச் சுகர், எனக்கு எப்படியும் வரத்தான் போகுது, அந்த ஜிலேபியை இப்படித் தள்ளு” என்கிறவர்களிடம் நான் காட்டுவது ஒரு சின்ன மதிப்பெண் அட்டையை. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர் 2005இல் வெளியிட்டது, மொத்தம் 100 மதிப்பெண், 60ஐத் தொட்டால் ஆபத்து அதிகம். பெற்றோரில் ஒருவருக்கு என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. வயதுக்கு அதிகபட்சம் 30. மீதி 50 எதற்கு? இடுப்புச் சுற்றளவுக்கு 20, உடம்பை அசைக்காமல் இருப்பதற்கு 30. பெண்களுக்கு 80 சென்டிமீட்டரிலும் ஆண்களுக்கு 90இலும் இடுப்பு மதிப்பெண் வாங்க ஆரம்பித்துவிடும். அம்மா அப்பாவை மாற்ற முடியாது, இந்த ஐம்பதை மாற்றலாம்.

ஆன்லைனில் எச்சிலை அனுப்பி ஜீன் டெஸ்ட் எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் சில டெஸ்டுகள் ஒரு மரபணுவில் இரண்டு மூன்று இடங்களை மட்டும் பார்த்துவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று அனுப்பிவிடும், அதை நம்பி நிம்மதியாகிவிடக் கூடாது. உண்மையிலேயே தேவைப்படுகிற குடும்பத்தில் முதலில் டெஸ்ட் எடுக்க வேண்டியது நோய் வந்த ஆளுக்கு. அவரிடம் எந்தக் கோளாறு என்று தெரிந்தால்தான் மற்றவர்களிடம் அதைத் தேடுவதில் அர்த்தம் உண்டு.

இவ்வளவும் தெரிந்துகொண்டு ஒரு நோட்டில் எழுத உட்கார்ந்தேன். பெயர், வழி, நோய், எந்த வயதில் தெரிந்தது, எப்படி இறந்தார் என்று ஐந்து பத்தி. அம்மாவின் தங்கையான சித்திக்குப் போன் போட்டேன். “எதுக்குடா இதெல்லாம் கேக்குற, யாருக்கு வரன் பாக்குற?” என்றார் எடுத்த எடுப்பில். நம் வீடுகளில் நோயை மறைப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. யாருக்கும் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்த பிறகு மளமளவென்று ஆறு பேரின் கதை வந்தது. வைக்கப் போகும்போது, குரலைத் தாழ்த்தி, “எனக்கும் நாலு வருஷமா மாத்திரை ஓடுதுடா, பெரியவ என் வயித்துல இருக்கப்போ அப்பவே சுகர் ஏறி, பிரசவத்தோட போயிடுச்சுன்னாங்க. எழுதிக்கோ. சித்தப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத” என்றார்.