கண்ணாடியில் டி.என்.ஏ.வை நிறுத்துவது எப்படி?

ஒரு மாதிரியில் குறிப்பிட்ட மரபணு இருக்கிறதா என்று பார்க்க, அதற்குப் பொருந்தும் நிரப்பு இழையைக் கண்ணாடியில் பொருத்திவிட்டு மாதிரியை மேலே விடலாம். பொருந்தும் இழை ஜோடி சேரும், மற்றவை கழுவும்போது போய்விடும். 1995இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் மைக்ரோஅரே (ஒரே கண்ணாடியில் பல டி.என்.ஏ. புள்ளிகள்) செய்தபோது, டி.என்.ஏ.வை ஈர்க்கும் பாலிலைசின் பூசிய கண்ணாடியைப் பயன்படுத்தினார்கள். அதில் இழை பல இடங்களில் ஒட்டிப் படுத்துக்கொள்ளும். நீளமான இழைக்கு அது போதும். 25 எழுத்துள்ள குட்டி இழையையோ ஒரு முனையில் பிடித்து நிறுத்துவதே நல்லது.

முதலில் எப்பாக்சி பூசிய ஸ்லைடு (கண்ணாடித் தகடு) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எப்பாக்சி, அமீன் என்ற நைட்ரஜன் உள்ள வேதித் தொகுதியோடு வினைபுரிந்து அதைப் பிடித்துக்கொள்ளும். அதனால் இழையை ஆர்டர் செய்யும்போது அதன் 5' முனையில் (இழையின் தொடக்க முனை) அமீன் கேளுங்கள். அமீனுக்கும் இழைக்கும் நடுவே பத்துத் தைமின் (டி.என்.ஏ.வின் T எழுத்து) இருந்தால், இழை கண்ணாடியைவிட்டுச் சற்று விலகி நிற்கும். ஜோடி சேர இடம் கிடைக்கும்.

அடுத்து, இழையைக் கரைப்பது. பலர் சறுக்குவது இங்கேதான். டி.என்.ஏ.வுக்கு வழக்கமான டி.ஈ. பஃபர் (பி.எச்.சை நிலையாக வைக்கும் கரைசல்) வேண்டாம். அதில் 10 மில்லிமோலார் ட்ரிஸ் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, ட்ரிஸ்ஸிலும் அமீன் உண்டு. உங்கள் டி.என்.ஏ. 20 மைக்ரோமோலார் என்றால், ஒவ்வோர் இழைக்கும் 500 ட்ரிஸ் மூலக்கூறுகள் போட்டிக்கு நிற்கும்! 150 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட்டில், பி.எச். 8.5இல் கரையுங்கள். பி.எச். குறைந்தால் அமீன் புரோட்டானை ஏற்றுக்கொண்டு வினைபுரியாமல் இருந்துவிடும்.

சரி, இப்போது அரை மைக்ரோலிட்டர் சொட்டுகளாக வையுங்கள். கழுவியபின் புள்ளி கண்ணுக்குத் தெரியாது. அதனால் பின்பக்கம் வைரமுனைப் பேனாவால் இடத்தைக் குறித்துவிடுங்கள். ஒரு மூடிய டப்பாவின் அடியில் உப்பு கரையாமல் தங்கும் அளவுக்கு உப்புக் கரைசல் வைத்தால் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். ஸ்லைடு அதில் நனையாதபடி மேலே இரவு முழுக்க இருக்கட்டும்.

அப்புறம் மிச்சமிருக்கும் எப்பாக்சியை அடைக்க வேண்டும்: 50 மில்லிமோலார் எத்தனோலமைன் (இதுவும் ஓர் அமீன்), பி.எச். 9, 50 டிகிரி, அரை மணி நேரம். இங்கே ட்ரிஸ் பஃபர் தாராளமாகப் போடலாம், அதுவும் அடைக்கத்தான் உதவும். காய்ச்சி வடித்த நீரில் கழுவி உலர்த்துங்கள்.

சோதிக்க மூன்று புள்ளிகளாவது வேண்டும்: சரியான இழை, சம்பந்தமில்லாத இழை, வெறும் பஃபர். ஒளிரும் சாயம் கட்டிய நிரப்பு இழையை விட்டுக் கழுவிப் பாருங்கள். சரியான இழை மட்டும் ஒளிர்ந்தால் வேலை முடிந்தது. ஸ்லைடு முழுக்க ஒளிர்ந்தால் அடைப்பு போதவில்லை. சம்பந்தமில்லாத இழையும் ஒளிர்ந்தால், கழுவும் கரைசலில் உப்பைக் குறைத்துச் சூட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள். எதுவுமே ஒளிராவிட்டால் முதலில் கரைத்த பஃபரைச் சந்தேகப்படுங்கள்.