வந்தியத்தேவன் போன வழியில் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

வந்தியத்தேவனை நாயகனாக வைத்துக் கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' நாவலின் கதை நடந்த இடங்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது அரண்மனையை. ஏமாற்றம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கதையில் வரும் பழையாறையிலும் கடம்பூரிலும் சோழர் காலத்து மாளிகை எதுவும் நிற்கவில்லை. தஞ்சாவூரில் டிக்கெட் எடுத்து நாம் சுற்றிப் பார்க்கும் அரண்மனை நாயக்கர், மராட்டியர் காலத்தது. அங்கே நின்று நாவலின் நந்தினியைக் கற்பனை செய்வதில் தப்பில்லை, அவளே கல்கியின் கற்பனைதானே! ஆனால் கைடு யாராவது 'இதுதான் அவள் அறை' என்றால் நம்பிவிடாதீர்கள். பெரிய கோயில்கூடக் கதைக்காலத்தில் கிடையாது. ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்து, 1010-இல்தான் கட்டி முடிந்தது. படத்தில் பார்த்த கோட்டைகளுக்கோ மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சா போன்ற இடங்களுக்குத்தான் போக வேண்டும்.

நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பழைய புத்த மடத்துக்கு வழி கேட்பதும் வீண். கடைசியாக மிஞ்சி நின்ற செங்கல் கோபுரத்தையும் 1867-இல் இடித்துவிட்டார்கள். அந்த ஊரில் கிடைத்த புத்தர் சிலைகளைப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகம் போங்கள்.

சரி, வீராணம்? ஏரி அப்படியே இருக்கிறது, நாம் போகும் மாதம்தான் தப்பு. நாவல் தொடங்குவது இந்த ஏரிக்கரையில், ஆடிப்பெருக்கன்று. பள்ளி விடுமுறை என்று மே மாதத்தில் போனால், பல வருடங்களில் வெடித்த தரைதான் வரவேற்கும். மேட்டூர் திறந்து, கீழணையிலிருந்து வடவாற்றில் தண்ணீர் வந்த பிறகு போங்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து காட்டுமன்னார்கோயில் போகும் சாலை கரையை ஒட்டியே ஓடும். அலையடிக்கும் ஏரியைப் பார்த்தபடியே போகலாம்.

பலர் அங்கே போட்டோ எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். எனக்குப் பொறுக்காத தவறு இதுதான். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீஸ்வரர் கோயில் இருக்கிறது. அதன் கருவறைப் புறச்சுவரில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, அவன் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் உறவினர் நிலங்களைப் பறிமுதல் செய்ததைச் சொல்கிறது. அதில் ரவிதாசன் என்ற பெயரும் வருகிறது. நாவலில் ஆந்தைபோல் அலறும் அதே மந்திரவாதியின் பெயர், கல்லில்! கல்கி கதையை எங்கிருந்து பிடித்தார் என்பதை இவ்வளவு பக்கத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

அப்புறம் கதையில் வரும் கோடிக்கரை. பழைய கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில் போய்விட்டது; உயரமாக நிற்பது புதியது. குழகர் கோயில் உண்டு, சுந்தரர் பாடிய தலம். பறவைகளும் பார்க்க வேண்டுமென்றால் நவம்பருக்குப் பிறகு போங்கள். சாப்பாட்டை வேதாரண்யத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது.