பின்னணி வேலை நடப்பதைக் காட்டும் அசையும் காட்டி: பைதனில் ஒரு செய்முறை

சம்மாந்துறையிலுள்ள ஓர் அரிசி ஆலைக்காக, நெற்கொள்வனவுப் பதிவுகளை வாசித்து விவசாயி வாரியாகக் கூட்டித் தரும் சிறிய மென்பொருளொன்றைப் பைதனில் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பல போகங்களின் பதிவுகள் நிறைந்த பெரிய கோப்பைத் திறந்ததும் சாளரம் அசைவற்று நின்றுவிடும். சில செக்கன்கள் அப்படியே நின்றால், விண்டோஸ் அதன் தலைப்பில் 'பதிலளிக்கவில்லை' என்று காட்டும். கணக்கப்பிள்ளை அதை நம்பி மென்பொருளை மூடிவிடுவார்.

பைதனில் சாளரங்களை அமைக்க உதவும் டிகிண்டர் தொகுதியில் பொத்தான் அழுத்தங்களைக் கவனிப்பதும் திரையை மீண்டும் வரைவதும் மெயின்லூப் என்ற ஒரே சுற்றின் வேலை. பொத்தான் அழைக்கும் சார்புக்குள்ளேயே நீண்ட கணக்கை வைத்தால், அது முடியும்வரை அந்தச் சுற்று முன்னேறாது. சாளரத்தில் எவ்வளவு அழகான காட்டியை வைத்திருந்தாலும் அதுவும் அசையாது. எனவே காட்டியைச் சேர்ப்பதை விட, வேலையை அங்கிருந்து வெளியே எடுப்பதுதான் முக்கியம்.

முதலில் டிகிண்டரிலுள்ள டிடிகே தொகுதியின் புரோகிரஸ்பார் என்ற பட்டையை உருவாக்கி, அதன் மோட் என்ற பண்புக்கு இன்டிடெர்மினேட் (எவ்வளவு முடிந்தது என்று தெரியாத வேலைக்குரியது) என்ற மதிப்பைக் கொடுங்கள். ஸ்டார்ட் என்று அழைத்தால் பட்டை இடமும் வலமுமாக ஓடத் தொடங்கும். மதிப்பெதுவும் கொடுக்காவிட்டால் 50 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை நகரும், 10 என்று கொடுத்தால் விரைவாக ஓடும்.

அடுத்து, கோப்பை வாசிக்கும் பகுதியைத் தனிச் சார்பாக்கி, அதைத் திரெடிங் தொகுதியின் மூலம் வேறோர் இழையில், அதாவது பிரதான சுற்றைத் தடுக்காமல் பக்கத்தில் தனியே ஓடும் வேலைத் தொடரில், ஓடவிடுங்கள். டேமன் என்ற பண்பை உண்மை என்று வைத்தால், பயனர் சாளரத்தை மூடும்போது அந்த இழையும் நின்றுவிடும். பொத்தானைச் செயலிழக்கச் செய்த பின்னரே இழையைத் தொடக்குங்கள். இல்லாவிட்டால் பொறுமையற்றவர் மீண்டும் மீண்டும் அழுத்தி ஒரே கோப்பைப் பலமுறை வாசிக்க வைப்பார்.

இனிக் கவனமாகச் செய்ய வேண்டிய பகுதி. இழைக்குள்ளிருந்து சாளரத்தின் எந்த உறுப்பையும் நேரடியாகத் தொடக்கூடாது. சில வேளை வேலை செய்வது போலத் தோன்றினாலும் காரணம் தெரியாத பிழைகள் பின்னர் வரும். இழை தன் விடையைக் கியூ என்ற வரிசை ஒன்றில் போடட்டும். பிரதான சுற்றில் ஒரு சார்பு, குறித்த நேரத்தின் பின் அழைக்கும் ஆஃப்டர் மூலம் 100 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை, காத்திருக்காமல் எடுக்கும் கெட்நோவெயிட் கொண்டு அந்தக் கியூவைப் பார்க்கட்டும். விடை வந்திருந்தால் ஸ்டாப் என்று அழைத்துப் பட்டையை நிறுத்தி, பொத்தானை மீண்டும் இயங்க விட்டு, மொத்தத்தைத் திரையில் எழுதலாம். கியூ வெறுமையாக இருந்தால் அதே சார்பை ஆஃப்டர் மூலம் மறுபடியும் அழைக்க வேண்டும்.

கோப்பு பழுதாக இருந்து இழை இடையில் முறிந்தால், கியூவுக்கு எதுவும் வராது. பட்டையோ ஓடிக்கொண்டே இருக்கும். ஓடாத வேலையை ஓடுவதாகக் காட்டும் பட்டை, உறைந்த சாளரத்தை விட மோசமானது. ஆகவே டிரை, எக்ஸெப்ட் கொண்டு பிழையையும் பிடித்து, அதையும் கியூவிலேயே போடுங்கள்.

மொத்த வரிகளின் எண்ணிக்கை முன்கூட்டியே தெரிந்தால் மட்டும் டிடெர்மினேட் முறைக்கு மாறி வீதத்தைக் காட்டலாம். சோதிப்பதற்கு, இழைக்குள் டைம் தொகுதியின் ஸ்லீப் மூலம் 8 செக்கன் தாமதம் வைத்து, அதற்கிடையில் சாளரத்தைச் சுருக்கி மீண்டும் விரித்துப் பாருங்கள்; பட்டை ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.