கல்லான கனிக்குப் பெயர் சூட்டும் முன்

புதைபடிவக் கனிகளைக் கொண்டு அழிந்துபோன தாவரத்தை விவரிக்கும்போது, பெரும்பாலான பிழைகள் ஒரே கேள்வியைக் கேட்காததால் வருகின்றன: கையில் இருப்பது கனியின் எந்தப் பகுதி? சதை பெரும்பாலும் அழுகிவிடும். எஞ்சியது விதையைச் சூழ்ந்த கடினமான உட்கனியுறையாக இருக்கலாம், விதையாக இருக்கலாம், விதை இருக்கும் அறையான சூலறைக்குள் சேறு புகுந்து இறுகிய வார்ப்பாகவும் இருக்கலாம். வார்ப்பின் மேல் தெரியும் வரிகள் உறையின் உட்புறத்தைக் காட்டுபவை. அவற்றை வெளிப்புற வரிகள் என்று எழுதிவிட்டால் பிறகு செய்யும் ஒப்பீடு முழுவதும் வீண்.

ஒரே சிற்றினத்துக்குப் பல பெயர்கள் சேர்வதும் இப்படித்தான். அமுங்கியது, தேய்ந்தது, முதிராமல் உதிர்ந்தது எல்லாம் வெவ்வேறு இனங்களாகத் தோன்றும். கிடைத்த மாதிரிகள் அனைத்தையும் அளந்து, வேறுபாட்டின் எல்லையைக் குறிப்பிடுங்கள்.

வெளி உருவத்தை நம்பிக் குடும்பத்தை முடிவு செய்யாதீர்கள். திராட்சைக் குடும்பத்தை உறுதிசெய்வது விதையின் ஒரு முகத்தில் உள்ள இரண்டு பள்ளங்களும் எதிர்முகத்தில் உள்ள சலாசா (ஊட்டக் குழாய் விதைக்குள் சேரும் இடம்) தழும்பும்தான். தக்காணப் பாறைகளில் கிடைத்து, 2013-இல் பெயரிடப்பட்ட சுமார் 6.6 கோடி ஆண்டுப் பழமையான இண்டோவைட்டிஸ் என்ற திராட்சைக் குடும்பப் பேரினம் அத்தகைய அமைப்பால்தான் அடையாளம் காணப்பட்டது. உள்ளமைப்பைப் பார்க்க, கையிலுள்ள ஒரே ஒரு மாதிரியை அறுத்துவிடவும் வேண்டாம்; வெட்டாமலே எக்ஸ் கதிரால் உள்ளே காட்டும் நுண் சி.டி. ஸ்கேன் முதலில்.

ஒப்பீட்டை அந்த வட்டாரத் தாவரங்களோடு நிறுத்துவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. இங்கிலாந்தின் லண்டன் களிமண் என்ற புதைபடிவ அடுக்கில் நீப்பா பனையின் கனிகள் ஏராளம். அந்தப் பேரினம் இன்று ஆசிய, பசிபிக் கடலோரச் சதுப்புகளில் வாழ்கிறது. ஐரோப்பியத் தாவரங்களை மட்டும் பார்த்தவர் அதை முற்றிலும் அழிந்த பேரினம் என்றே அறிவித்திருப்பார். அதே களிமண்ணில் பைரைட் என்ற இரும்புக் கனிமமாக மாறிய கனிகள் ஈரக்காற்றில் பொடிந்துவிடும். சிலிக்கோன் எண்ணெயில் பாதுகாக்கும் முன்பே எல்லாக் கோணங்களிலும் படமெடுங்கள்.

ஒரே அடுக்கில் கிடைத்த இலையைக் கனியோடு சேர்க்க அவசரப்பட வேண்டாம். இரண்டும் ஒரே கிளையில் இணைந்திருந்தால் அது வலுவான சான்று.

விதிமுறையில் தவறினால் பெயரே செல்லாது. 1996 முதல் புதைபடிவத் தாவரங்களுக்கு விளக்கமோ வேறுபடுத்தும் பண்புக்குறிப்போ லத்தீனில் அல்லது ஆங்கிலத்தில் வேண்டும். படமும் வேண்டும். பெயருக்கு ஆதாரமான மூல மாதிரியையும் அது இருக்கும் சேகரிப்பையும் குறிப்பிட்டாக வேண்டும். அந்தச் சேகரிப்பு அடுத்த ஆய்வாளர் சென்று பார்க்கக்கூடியதாக இருக்கட்டும்.