மீன் வைரஸ்: வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜோகூர் நீரிணையின் மிதக்கும் கூண்டுகளில் கொடுவாவும் களவாவும் வளர்ப்பவர்களானாலும், வீட்டுத் தொட்டியில் கோய் என்னும் அலங்கார மீனை வளர்ப்பவர்களானாலும், மீன் நன்றாக நீந்தி இரை எடுத்தால் நோய் இல்லை என்றே நினைக்கிறார்கள். மிகுந்த இழப்பைத் தருவது இந்த எண்ணம்தான்.

நரம்புத் திசுவை அழிக்கும் நோடா வைரஸைப் பாருங்கள். அது மீனின் உடலுக்குள் நுழைந்ததும் நரம்புகளின் வழியே மூளையையும் விழித்திரையையும் அடைந்து, அங்குள்ள செல்களில் பெருகி, திசுவில் சிறு குழிகளை உண்டாக்குகிறது. பாதிக்கப்பட்ட குஞ்சுகள் சுழன்று சுழன்று நீந்தி, கூட்டம் கூட்டமாக மடிகின்றன. ஆனால் வளர்ந்த மீன்களில் பல எந்த அறிகுறியும் காட்டாமல் அதே வைரஸைச் சுமந்து, முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கும் நீர் வழியாக அண்டைக் கூண்டுக்கும் கடத்துகின்றன. ஆகவே சாவு நின்றுவிட்டதைக் கண்டு நோய் ஒழிந்தது என்று முடிவு செய்வதும், தப்பிய மீன்களையே சினை மீன்களாக வைத்துக்கொள்வதும் பெருந்தவறு; சினை மீன்களை ஆய்வகத்தில் பரிசோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

கோய் ஹெர்பிஸ் வைரஸிலும் இதே சிக்கல் உண்டு. அந்த நோய் பெரும்பாலும் 16 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரையுள்ள நீரில் தீவிரமடைகிறது. நமது வெப்பமான நீரில் அடங்கியிருக்கும் வைரஸ், நீர் குளிர்ந்தால் மீண்டும் தலைதூக்கக்கூடும். எனவே புதிய மீனைச் சில வாரங்கள் தனித்தொட்டியில் வைத்துக் கவனிப்பதோடு, அதற்கெனத் தனி வலையும் வாளியும் வைத்திருப்பது அவசியம்.

நோய் கண்டதும் ஆன்டிபயாட்டிக் மருந்தைத் தொட்டியில் கொட்டுவோர் பலர். வைரஸ் மீனின் செல்லையே பயன்படுத்திப் பெருகுவதால் அம்மருந்து அதைத் தொடாது. மருந்துக்கு அசையாத பாக்டீரியாக்களே மிஞ்சும். கொடுவாவைத் தாக்கும் இரிடோ வைரஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது, ஆனால் தொற்றுக்கு முன்பே போட்டால்தான் அது உதவும்.

உறைய வைத்த மீனைத் தீவனமாகக் கொடுத்தால் ஆபத்தில்லை என்பதும் தவறான நம்பிக்கை. உறைநிலை வைரஸைக் கொல்வதில்லை, பல வேளைகளில் பாதுகாக்கவே செய்கிறது. நோயுற்றுச் செத்த மீனைக் கூண்டில் விட்டால் மற்றவை அதைத் தின்றும் தொற்றுக்கு ஆளாகும் என்பதால், அதை அன்றன்றே அகற்ற வேண்டும். கடலில் வீசக் கூடாது. வேண்டாத மீனை நீர்த்தேக்கத்தில் விடுவது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றம் என்பதோடு, அங்குள்ள மீன்களுக்கும் நோயைப் பரப்பும் வழியாகிவிடும்.