நாயை நடத்த ஆள் வைக்கிறீர்களா? முதல் நடையில் கூடவே போங்கள்
டர்பனில் கிளென்வுட், மஸ்கிரேவ் பக்கம் நாயை நடத்திச் செல்ல ஆள் வைப்பவர்கள், வீட்டுச் சாவியைக் கொடுக்கும் முன் அரைமணி நேர நடை ஒன்றுக்குக் காசு கொடுத்துப் பத்தடி பின்னால் போய்ப் பாருங்கள். கேட்டைத் திறக்கும் முன்பே வாரை மாட்டுகிறாரா? கழுத்துப்பட்டைக்குள் இரண்டு விரலுக்கு மேல் நுழைந்தால் இறுக்குகிறாரா? வெயிலில் நாயின் பாதம் சுடுமா என்று புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பார்க்கிறாரா? பரிந்துரைக் கடிதம் யாரும் கொண்டுவரலாம், கைப்பழக்கத்தை நடிப்பது கடினம். பட்டை தளர்ந்திருந்தால் நாய் பின்வாங்கித் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். திரும்பியதும் காதிலும் விரலிடுக்கிலும் உண்ணி தேடுகிறவர் கிடைத்தால் விடவே விடாதீர்கள். இங்கே நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் பிலியரி நோயைப் பரப்புவது உண்ணிதான்.

அந்நியரைக் கண்டு மிரளும் நாய்க்கும் கடித்துப் பழகிய நாய்க்கும் இந்தச் சோதனை போதாது. நீங்கள் பக்கத்தில் இருக்கும்வரை அது அடங்கித்தான் நடக்கும்.