போருக்குப் பிந்தைய பிரிட்டனின் பத்திரிகைப் புகைப்படங்களைப் பார்க்கக் கற்றுக்கொள்வது எப்படி?

1945-க்கும் அறுபதுகளின் நடுப்பகுதிக்கும் இடையில் பிரிட்டனின் நாளிதழ்களுக்காகவும் வார இதழ்களுக்காகவும் எடுக்கப்பட்ட படங்களை இன்று இரண்டு வகையாகப் பிரித்துவிடுகிறார்கள்: தெருவில் வாழ்ந்த சாதாரண மக்களின் படங்கள் ஒரு பக்கம், நடிகர்கள், எழுத்தாளர்கள், பாடகர்களின் படங்கள் இன்னொரு பக்கம். ஆனால், பல நேரங்களில் இரண்டையும் எடுத்தவர்கள் ஒரே ஆட்கள்தாம். வேலை செய்த முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே இரண்டு வகையிலும் ஒவ்வொரு படத்தை அருகருகே வைத்துக்கொண்டு, ஒரே கேள்விகளை இரண்டிடமும் கேட்டுப் பழகுவதே இந்தத் துறைக்குள் நுழைய நல்ல வழி என்று நான் கருதுகிறேன்.

முதல் படி: இரண்டு படங்களைத் தேர்ந்தெடுங்கள்

'பிக்சர் போஸ்ட்' வார இதழை வெளியிட்ட ஹல்ட்டன் நிறுவனத்தின் பழைய படத்தொகுப்பு இப்போது கெட்டி இமேஜஸ் என்ற பட நிறுவனத்தின் வசம் உள்ளது. அதன் இணையதளத்தில் புகைப்படக்காரரின் பெயரைக் கொடுத்தே தேடலாம். லண்டன் தேசிய உருவப்படக் கூடத்தின் தளம் பிரபலங்களின் படங்களுக்கு ஏற்றது. இந்தப் பாடத்துக்கு, 1951-இல் 'பிக்சர் போஸ்ட்' புகைப்படக்காரர் பெர்ட் ஹார்டி பிளாக்பூல் கடற்கரையில் எடுத்த படத்தையும், 1976-இல் ஜேன் பௌன் எடுத்த நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட்டின் படத்தையும் எடுத்துக்கொள்வோம். இரண்டாவது படம் காலத்தால் பிந்தியதுதான். ஆயினும், 1949-இல் தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலைப் படமெடுத்து 'அப்சர்வர்' இதழில் தொடங்கிய பௌன், கடைசிவரை அந்தக் காலத்து முறையையே கைவிடாமல் காத்தவர் என்பதால் அதைச் சேர்க்கிறேன்.

இரண்டாம் படி: வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

முகத்தில் எந்தப் பக்கம் வெளிச்சமாக இருக்கிறது, மூக்கின் நிழல் எங்கே விழுகிறது, பின்புறச் சுவரில் கூர்மையான நிழல் உண்டா என்பவற்றைக் கவனியுங்கள். சுவரில் கூரான நிழல் தெரிந்தால் பெரும்பாலும் ஃபிளாஷ் பயன்படுத்தப்பட்டிருக்கும். நாளிதழ்த் தாளில் சொரசொரப்பாக அச்சாகும்போது நடுத்தரச் சாம்பல் நிறங்கள் கலங்கிப்போகும் என்பதால், நாளிதழ்க்காரர்களுக்குத் தெளிவான கறுப்பும் வெள்ளையும் தேவைப்பட்டன. 'பிக்சர் போஸ்ட்' கிராவூர் முறையில், அதாவது உலோகத்தில் குழிகளாகச் செதுக்கி மை நிரப்பி அச்சிடும் முறையில், அச்சான இதழ். அதில் மங்கிய வெளிச்சத்தின் நுண்மைகளும் அழியாமல் வந்தன.

பௌன் ஃபிளாஷைத் தவிர்த்தார். கையை முன்னால் நீட்டி, புறங்கையில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்த்தே படத்துக்கு வேண்டிய ஒளியின் அளவைக் கணித்துவிடுவார். ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே வரும் நேரம்) 1/60 நொடி, லென்ஸின் துளை எஃப் 2.8 என்பது அவர் வழக்கமாக வைக்கும் அளவு. இதை நீங்களும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சன்னலருகே நின்று, விரல்களை மடக்கிக்கொண்டு கையை முன்னால் நீட்டுங்கள். மெல்லத் திரும்பும்போது விரல் முட்டிகளில் ஒளியும் நிழலும் இடம் மாறுவதைக் காண்பீர்கள். முட்டிகள் நன்றாகப் புடைத்துத் தெரியும் திசையில் ஒருவரின் முகத்தைத் திருப்பினால், அவருடைய முகத்திலும் அதே வெளிச்சம் கிடைக்கும். பெக்கெட்டின் படத்தில் நெற்றிக் கோடுகள் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருப்பதற்குக் காரணம், ராயல் கோர்ட் நாடக அரங்கின் பக்கவாசலுக்கு வெளியே இருந்த இயற்கை வெளிச்சம் மட்டுமே.

மூன்றாம் படி: எந்தக் கேமரா என்று கேளுங்கள்

இது கருவிப் பித்தர்களுக்கான கேள்வி அல்ல. லண்டனில் பத்திரிகை அலுவலகங்கள் நிறைந்திருந்த ஃபிளீட் தெருவின் நாளிதழ்க்காரர்கள் ஐம்பதுகளிலும் கண்ணாடித் தகடு போடும் கனமான கேமராக்களைச் சுமந்து திரிந்தார்கள். ஒரு தகட்டில் ஒரு படம்தான். ஆகவே ஆட்களை நிறுத்தி, "இங்கே பாருங்கள்" என்று சொல்லி எடுப்பதே பாதுகாப்பானதாக இருந்தது. ஹார்டி போன்ற வார இதழ்க்காரர்களிடம் லைக்கா என்ற சிறிய ஃபிலிம்சுருள் கேமரா இருந்தது. ஒரே சுருளில் 36 படங்கள் எடுக்க முடிந்ததால், மக்கள் தம்மை மறந்திருக்கும் நொடிவரை காத்திருக்க அவர்களால் முடிந்தது.

பிளாக்பூல் படத்தில் ஹார்டி லைக்காவையும் விட்டுவிட்டார். நல்ல படத்துக்கு விலையுயர்ந்த கேமரா வேண்டியதில்லை என்று வாசகர்களுக்குக் காட்டுவதற்காக, சாதாரண பாக்ஸ் பிரவுனிப் பெட்டிக் கேமராவில் அதை எடுத்தார். அந்தக் கேமராவில் மாற்றியமைக்க அதிகம் ஒன்றும் இல்லை. எங்கே நிற்பது, எப்போது அமுக்குவது என்ற இரண்டு முடிவுகள்தாம் அவர் கையில் இருந்தன.

நான்காம் படி: ஏற்பாடு செய்யப்பட்டதா என்று ஆராயுங்கள்

பொறுமையாகச் செய்ய வேண்டிய படி இதுதான். கடற்கரைக் கம்பியின்மேல் இரண்டு இளம்பெண்கள் அமர்ந்திருக்கிறார்கள். புள்ளி போட்ட உடையைக் காற்று தூக்குகிறது. இருவர் முகத்திலும் சிரிப்பு. விடுமுறைக்கு வந்த யாரோ இருவர் என்றுதான் எவரும் நினைப்பார்கள். உண்மையில் அவர்கள் டில்லர் கேர்ள்ஸ் நடனக் குழுவைச் சேர்ந்தவர்கள். பார்வையாளர் முன் எப்படி இருக்க வேண்டும் என்று தொழில்முறையில் பழகியவர்கள். அன்றாட வாழ்க்கையின் அடையாளமாக நாம் கொண்டாடும் படத்தில் இருப்பவர்கள் மேடைக் கலைஞர்கள் என்றால், முதலில் சொன்ன அந்தப் பிரிவினை எவ்வளவு மெல்லியது என்பது புரியும்.

மறுபக்கத்திலும் இதுவே நடந்தது. 1964 சனவரியில் பாரிசின் ஜார்ஜ் ஐந்தாம் விடுதியில் பீட்டில்ஸ் நால்வரும் தலையணைகளால் அடித்துக்கொண்ட படத்தை ஹாரி பென்சன் எடுத்தார். தலையணைச் சண்டை என்ற யோசனையைச் சொன்னவரே அவர்தான். நால்வரின் குதூகலம் மட்டும் பொய்யல்ல. ஏற்பாடு என்றவுடன் ஏமாற்று என்று முடிவுகட்டாமல், எது சொல்லிச் செய்தது, எது தானாக வந்தது என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: படத்தை அதன் பக்கத்துக்குத் திருப்பி அனுப்புங்கள்

சட்டமிட்டு மாட்டப்பட்ட தனிப்படமாக இவற்றில் எதுவும் பிறக்கவில்லை. நாளிதழ்த் தாளுக்கு 1956 இறுதிவரை பங்கீட்டுக் கட்டுப்பாடு இருந்ததால், மிகக் குறைந்த பக்கங்களுக்குள் படங்கள் இடம் பிடிக்க வேண்டியிருந்தது. ஓரங்கள் தயவின்றி வெட்டப்பட்டன. எனவே, வெட்டப்படாத மூலப்படம் கிடைத்தால் அச்சான வடிவத்தோடு ஒப்பிட்டு, எது நீக்கப்பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். வார இதழ்களில் ஒரு கதைக்குப் பல படங்கள் தொடராக வந்தன. 1954-இல் கிரேஸ் ராபர்ட்சன், லண்டன் மதுக்கடையொன்றின் வாடிக்கையாளர்களான பெண்களோடு மார்கேட் கடற்கரைக்குச் சென்று எடுத்த தொடரை முழுவதுமாகப் பாருங்கள். நடுத்தர வயதுத் தாய்மார்கள் ஆடிப் பாடிக் களிக்கும் அந்தப் படங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் வேடிக்கையாக மட்டுமே தோன்றக்கூடும். வரிசையாகப் பார்க்கும்போதுதான், ஆண்டு முழுவதும் உழைத்தவர்களுக்குக் கிடைத்த ஒரே ஒரு நாளின் மதிப்பு தெரிகிறது.

ஆறாம் படி: நீங்களே படக்குறிப்பு எழுதுங்கள்

தளத்தில் உள்ள குறிப்பை மறைத்துவிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் நாற்பது சொற்களுக்குள் குறிப்பு எழுதுங்கள். ஒளியின் திசை, புகைப்படக்காரர் நின்ற இடம், அவர் செய்த ஏற்பாடு ஆகிய மூன்றும் அதில் இடம்பெற வேண்டும். பெக்கெட்டுக்கு எழுதியதைவிடப் பிளாக்பூல் பெண்களுக்கு எழுதியது மேம்போக்காக இருந்தால், நான்காம் படிக்குத் திரும்பி அந்தப் படத்தை இன்னொரு முறை பாருங்கள். பிறகு தளத்தின் குறிப்பைத் திறந்து, நீங்கள் எழுதியதில் அதில் இல்லாத எந்தச் செய்தி இருக்கிறது என்று அடிக்கோடிடுங்கள்.